கழுத்துப்பட்டியிற் கண்ட குதிரைவீரர்

சென்ற தைப்பொங்கலுக்கு முன்னர், வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பொருள்களை அறைக்கு அறை மாற்றிக்கொண்டிருந்தபோது, காலஞ்சென்ற என் தாய்மாமனாரின் றங்குப்பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று. பழைய காணி உறுதிகள், நிறம் மங்கிய நிழற்படங்கள், பூச்சி அரித்த ஆங்கில அகராதி ஒன்று ஆகியவற்றுக்கு அடியில், மெல்லிய கடதாசியிற் சுற்றப்பட்ட ஒரு சிறு பொருள் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். அது சிறுவர் அணியும் கழுத்துப்பட்டி. நம்மவர் 'ரை' என்று வழங்குவது. கறுப்புத் துணி. அதன் அகன்ற முனையில் வெள்ளைக் குதிரை ஒன்றின்மேல் கறுப்புடை தரித்த வீரர் ஒருவர் அமர்ந்திருந்தார். முடிச்சு முன்னரே போட்டுத் தைக்கப்பட்டிருந்தது. சிறுவர் முடிச்சுப் போடத் தெரியாமல் இடர்ப்படலாகாது என்று, கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொள்ள இலாஸ்ரிக் நாடா ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது.

பார்த்த கணத்திலேயே அதனை அறிந்துகொண்டேன். 1951ஆம் ஆண்டில் என் மாமனார் அமெரிக்காவிற் கல்வி முடித்து மீண்டபோது, ஏழு வயதுப் பாலகனாயிருந்த எனக்கென்றே வாங்கி வந்த பொருள் அது. நான் அதனை ஒரு நாளேனும் அணிந்ததில்லை. வேட்டியும் சால்வையுமன்றி வேறுடை அறியாத என் தந்தையார் அதனைக் கையில் வாங்கிச் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பிள்ளையின் கழுத்து வணிகரின் விளம்பரப் பலகையன்று என்று மெதுவாகச் சொல்லி, மாமனாரிடமே கொடுத்துவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவர் அமைதியாகச் சொன்னபடியால் அழவும் வழியில்லாது போயிற்று. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் குதிரைவீரர் றங்குப்பெட்டியின் இருளிலேயே சவாரி செய்துகொண்டிருந்தார்.

அவர் யார் என்பதை அக்காலத்தில் நான் அறிந்திலேன். நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல். அமெரிக்கச் சிறுவர்கள் தம் வீட்டுக் கூடத்திலிருந்தே கண்டு களித்த அவ்வீரர், எனக்கு ஒரு துணித்துண்டிற் பொறித்த உருவமாக மட்டுமே வாய்த்தார். இப்போது அவரைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, கழுத்துப்பட்டியின் கதை பின்னே நிற்க, ஒரு மனிதன் தன் பெயரை இழந்து வேறொரு பெயரைப் பெற்ற கதை முன்னே வந்து நின்றது. அதனையே வாசக அன்பர்களுக்குக் கூற விழைகின்றேன்.

கூலியாளின் மைந்தர்

வில்லியம் பொயிட் 1895ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம் நாள், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஹென்றிஸ்பேர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நாட்கூலிக்கு உழைப்பவர். குடும்பம் பிழைப்பை நாடி ஒக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகருக்குப் பெயர்ந்தது. தந்தையார் மறையவே, இளைஞர் பொயிட் தம் கைகளையே துணையாகக் கொண்டு கலிபோர்ணியாவை நோக்கிப் புறப்பட்டார். தோடம்பழம் பறித்தார், நில அளவையாளரோடு சென்றார், எண்ணெய்க் கிணறுகளிற் கருவி தீட்டினார், மோட்டார் வண்டி விற்றார். முதலாம் உலகப் போரின்போது படையிற் சேர முன்வந்தவரை, இதயம் வலுவற்றது என்று கூறி விலக்கிவிட்டனர். இருபது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே தலைமயிர் நரைக்கத் தொடங்கியது. அந்நரையே பிற்காலத்தில் அவருக்கு ஓர் அணிகலனாகும் என்பதை அன்று யார் அறிவார்?

ஹொலிவுட்டிலே கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேலையே முதலிற் கிடைத்தது. சிசில் பி. டெமில் என்னும் பெரும் இயக்குநரின் கண்ணில் அவர் பட்டார். 1925இல் ஒரு முக்கிய பாத்திரம். 1926இல் 'வொல்கா படகோட்டி' என்னும் ஊமைப்படத்தின் தலைமைப் பாத்திரம். ஆண்டுக்கு ஒரு இலட்சம் டொலர் ஊதியம் பெறும் நட்சத்திரமாக உயர்ந்தார். கூலியாளின் மகனுக்கு அது குபேர வாழ்வு. விருந்தும் கேளிக்கையும் மிகுந்தன. இல்லறம் நிலைக்கவில்லை, மணமும் முறிவுமாக ஆண்டுகள் கழிந்தன. பிறந்த ஒரே ஆண்மகவு ஒன்பது மாதத்திலேயே நிமோனியாக் காய்ச்சலுக்கு இரையாயிற்று. பின்னர் அவருக்கு வேறு பிள்ளை பிறக்கவேயில்லை. இதனை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

1927இல் டெமில் தயாரித்த 'அரசர்க்கு அரசர்' என்னும் இயேசுநாதர் சரிதத்தில், சிரேனே ஊரானாகிய சீமோனின் பாத்திரம் பொயிட்டுக்குக் கிடைத்தது. வழியே சென்றுகொண்டிருந்தவனைப் போர்ச்சேவகர் பிடித்து நிறுத்தி, வேறொருவருடைய சிலுவையை அவன் தோளில் ஏற்றினார்கள் என்பது விவிலியம் கூறும் செய்தி. நடிகராக அதனைச் சுமந்தவர், நான்கு ஆண்டுகளுக்குள் வாழ்விலும் பிறனொருவனின் சுமையை ஏற்க நேர்ந்ததை எண்ணும்போது வியப்புண்டாகின்றது.

பெயராற் போந்த பழி

அக்காலத்தில் வில்லியம் பொயிட் என்னும் பெயரில் மற்றொரு நடிகரும் இருந்தார். நாடக மேடையிலிருந்து வந்தவராதலால் அவரை மேடைப் பொயிட் என்று அடைமொழி கொடுத்து வழங்கினர். 1931இல் அவர் சூது, மது, ஒழுக்கக்கேடு ஆகிய குற்றச்சாட்டுகளின்பேரிற் கைது செய்யப்பட்டார். அச்செய்தியை வெளியிட்ட பத்திரிகை, பெயரை மட்டும் பார்த்து நம்மவருடைய படத்தை அச்சிட்டுவிட்டது. மறுநாளே தவறு திருத்தப்பட்டது, வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. ஆயின் முதல்நாட் செய்தியைப் படித்தவர் எல்லோரும் மறுநாள் திருத்தத்தைப் படிப்பதில்லை. படநிறுவனம் அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. குற்றஞ் செய்தவர் ஒருவர். தொழில் இழந்தவர் மற்றொருவர். சேர்த்துவைத்த பணமோ முன்னரே கரைந்திருந்தது. நாற்பதை அணுகும் வயதில் வேலையும் இல்லை, கையிருப்பும் இல்லை.

இந்த இடத்தில் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே வந்து திண்ணையில் அமர்ந்திருந்தேன். காரணம் உண்டு. நான் ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில், என் பெயரும் தலையெழுத்தும் அப்படியே கொண்ட இன்னோர் ஆசிரியர் அதே வட்டாரத்திற் பணியாற்றினார். அவர்மீது எழுந்த முறைப்பாடு ஒன்று, பெயரொற்றுமையால் என்மீது வந்து விழுந்தது. உண்மை வெளிப்பட மூன்று கிழமைகள் சென்றன. அம்மூன்று கிழமைகளும் ஆசிரியர் அறையில் நான் நுழையும்போது பேச்சு நின்றுவிடும். பிழை திருத்தப்பட்ட கடிதம் வந்தபின் எல்லோரும் கைகுலுக்கினார்கள். ஆயினும் ஒரு வினா சிலருடைய கண்ணிற் கடைசிவரை தங்கியிருந்தது. அந்த நாள்களில் என் தந்தையார் ஒவ்வொரு மாலையும் நடந்து வந்து, ஒன்றும் கேளாமல், என் அருகே திண்ணையில் அமர்ந்துவிட்டுப் போவார். மனிதனுக்குப் பெயர் ஒன்றே முதல் என்பதை அவர் எனக்குச் சொற்களாற் கற்பித்தவரல்லர்.

ஆகவே பொயிட் பட்ட துயரை நான் வெறும் செய்தியாகப் படிக்கவில்லை. ஆனால் எனக்குக் கிடைத்த திண்ணை அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் தம்மைத் தாமே மீட்கவேண்டியிருந்தது.

முரடன் நல்லோனாகிய கதை

அமெரிக்க மேற்குத் திசையின் கௌபோய்க் கதைகளை, புரூக்ளின் நகரிலிருந்தபடியே எழுதிய கிளாரன்ஸ் மல்போர்ட் என்னும் எழுத்தாளர், 1904இல் ஹொப்பலோங் கசிடி என்னும் பாத்திரத்தைப் படைத்தார். நூலிலே காணும் கசிடி செந்தலை முரடன், மிகக் குடிப்பவன், வாயிற் கடுஞ்சொல் நீங்காதவன். காலை இழுத்து நொண்டி நடப்பவனாதலின் அப்பட்டப்பெயர் வந்தது. ஹரி ஷேர்மன் என்னும் தயாரிப்பாளர் 1935இல் இதனைப் படமாக்க முற்பட்டபோது, பொயிட்டுக்கு ஒரு துணைப்பாத்திரத்தையே தர எண்ணினார். வறுமையில் இருந்தவர் கிடைத்ததைப் பெற்றுக்கொள்வார் என்றே எவரும் கருதுவர். பொயிட்டோ தலைமைப் பாத்திரத்தையே கேட்டார், பெற்றும் விட்டார். அதே 1935ஆம் ஆண்டில், பழியைத் தந்த மற்றைப் பொயிட் இவ்வுலகை நீத்தார்.

திரையில் வந்த கசிடி, நூலிற் கண்ட கசிடியல்லன். அவர் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, தீச்சொல் சொல்வதில்லை. மதுச்சாலைக்குட் சென்றாலும், நம் நன்னாரிப் பானத்தை ஒத்த சார்சபரில்லாவையே வாங்கி அருந்துவார். சண்டையைத் தாமாகத் தொடங்கார். தீயவன் கை நீட்டும்வரை பொறுத்திருப்பார். நல்லவனுக்கு வெள்ளுடை, தீயவனுக்குக் கறுப்புடை என்று திரையுலகம் வகுத்திருந்த வழக்கை மீறி, உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பணிந்தார். கறுப்புத் தொப்பியின் கீழே வெண்ணரை. கறுப்புடையின் கீழே ரொப்பர் என்னும் வெண்புரவி. கழுத்தில் ஒரு குட்டை. அதனைச் சேர்த்துப் பிடிக்க, நீண்ட கொம்புடைய எருதின் தலைபோற் செய்த வளையம். தொடக்கத்திற் குதிரையேற்றம் அவருக்கு நன்கு வாராது என்பர். மாட்டுப் பண்ணையில் அவர் உழைத்தவருமல்லர். இருந்தும் அந்த உடையைத் தரித்தபின் உலகம் அவரை வேறெவராகவும் காண மறுத்தது.

பாத்திரத்தை மனிதன் ஆக்கினானோ, மனிதனைப் பாத்திரம் ஆக்கியதோ என்று பிரித்துச் சொல்ல இயலாதபடி ஒரு மாறுதல் நிகழ்ந்தது. கேளிக்கையில் மூழ்கியிருந்தவர் அடங்கினார். 1937இல் கிறேஸ் பிராட்லி என்னும் நடிகையை ஐந்தாம் முறையாக மணம் புரிந்தார். சிறுமியாயிருந்தபோது 'வொல்கா படகோட்டி'யைக் கண்டு அவர்பால் மனத்தைப் பறிகொடுத்தவர் அந்த அம்மையார். முன்னைய நான்கு மணங்களும் நிலையாதொழிய, இந்த ஐந்தாவது மணம் அவர் கண்மூடும்வரை நிலைத்தது.

பெயர்ச் சிக்கல் மட்டும் அவரை விட்டபாடில்லை. ரெக்சாஸ் மாநிலத்துப் பாடகர் ஒருவரும் பில் பொயிட் என்னும் பெயருடன் 1942இற் கௌபோய்ப் படங்களில் நடிக்க வந்தார். ஆயின் இம்முறை நம்மவருக்கு இழப்பில்லை. ஏனெனில் அதற்குள் அவர் பொயிட் என்னும் பெயரைக் கடந்துவிட்டார். தெருவிற் கண்ட பிள்ளைகள் யாவரும் அவரை 'ஹொப்பி' என்றே அழைத்தனர்.

விற்ற பொருளும் வாங்கிய சுருளும்

ஷேர்மன் 54 படங்களைத் தயாரித்தபின் இக்கதைகளில் ஊறிய சாறு வற்றிவிட்டதென்று கைவிட்டார். பொயிட் கைவிடவில்லை. குறைந்த செலவில் தாமே மேலும் 12 படங்களைத் தயாரித்தார். 1948இல் அவையும் நின்றன. மொத்தம் 66 படங்கள். படமாளிகைகள் அவற்றை நாடவில்லை. நடிகருக்கு வயது ஐம்பத்து மூன்று.

அந்த வேளையில் அவர் செய்த காரியம் நண்பர்களுக்குப் பித்துக்கொள்ளித்தனமாகத் தோன்றியிருக்கும். பழைய படங்கள் அனைத்தின் உரிமையையும் விலைக்குக் கேட்டார். ஷேர்மன் கேட்ட தொகை மூன்றரை இலட்சம் டொலர். கைவசமிருந்த உடைமைகளுட் பெரும்பாலானவற்றை விற்றும் ஈடு வைத்தும் அத்தொகையைக் கொடுத்து முடித்தார். எவரும் பாராத படச்சுருள்களுக்காக இருந்த பொருளையெல்லாம் இழந்தவரை உலகம் எவ்வாறு மதிக்கும்?

அப்போது அமெரிக்காவிலே தொலைக்காட்சி தவழும் குழந்தை. நிலையங்களுக்குக் காட்ட நிகழ்ச்சிகள் வேண்டும். பெரிய படநிறுவனங்களோ, தொலைக்காட்சியைத் தம் பகையெனக் கருதித் தம் படங்களைத் தர மறுத்தன. பொயிட் மட்டும் தாமே உரிமையாளர். எவருடைய இசைவும் அவருக்குத் தேவைப்படவில்லை. பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, உள்ளூர் என்.பி.சி. நிலையத்துக்குச் சென்று, பெயரளவான வாடகைக்குக் கொடுத்தார். பார்த்தோர் மேலும் கேட்டனர். 1949ஆம் ஆண்டு யூன் 24ஆம் நாள், அந்நிறுவனத்தின் நாடளாவிய ஒளிபரப்பிற் கசிடி தோன்றினார். வலையமைப்புத் தொலைக்காட்சி கண்ட முதலாவது கௌபோய்த் தொடர் அதுவே. 'தனிமை வீரன்' தொடர் அவ்வாண்டு செப்ரெம்பரிலும், ஜீன் ஓட்ரி அடுத்த ஆண்டிலும், ரோய் றொஜர்ஸ் 1951இலும் அவர் திறந்த வழியிலேயே வந்தனர்.

1950ஆம் ஆண்டிற் கசிடியின் புகழ் கரை கடந்தது. 'ரைம்' சஞ்சிகை நவம்பர் மாத இதழொன்றின் அட்டையில் அவர் உருவைத் தாங்கி வந்தது. வானொலியிலும் அவர் கதை ஒலித்தது. 1951இற் கலிபோர்ணியாவில் அவர் பெயரால் ஒரு விளையாட்டுப் பூங்காவே அமைந்தது.

கழுத்திலேறிய குதிரை

இங்கேதான் என் கழுத்துப்பட்டி கதைக்குள் நுழைகின்றது. படத்துக்கு மட்டுமன்றிப் பாத்திரத்தின் உருவைப் பண்டங்களிற் பொறிக்கும் உரிமைக்கும் பொயிட்டே தலைவரானார். சிறுவர் உணவுப்பெட்டி, கைக்கடிகாரம், துவிச்சக்கரவண்டி, இரவுடை, சுவரொட்டுத்தாள், விளையாட்டுத் துப்பாக்கி என்று அவர் உருவம் ஏறாத பொருளில்லை. அலடின் நிறுவனம் 1950இல் வெளியிட்ட கசிடி உணவுப்பெட்டி முதலாண்டிலேயே ஆறு இலட்சம் விற்றது. அதற்குமுன் சிறுவரின் தகர உணவுப்பெட்டியிலே தொலைக்காட்சி வீரனின் படம் பொறிக்கப்பட்டதில்லை. துக்கத்தின் நிறமென்று பெற்றோர் பிள்ளைகளுக்கு உடுத்த விரும்பாத கறுப்பை, அவருக்காகப் பிள்ளைகள் கேட்டு வாங்கினர்.

கழுத்துப்பட்டியும் அவ்வரிசையில் வந்த ஒன்றே. போர்க்காலத்துத் துணிக் கட்டுப்பாடு நீங்கியபின், அமெரிக்க ஆடவர் அகலமான, பகட்டு வண்ணமான, கையால் ஓவியந் தீட்டிய கழுத்துப்பட்டிகளை விரும்பி அணிந்தனர். மீனும் குதிரையும் பனைமரமும் அவற்றில் இடம்பெற்றன. தந்தையின் மார்பில் ஓவியம் தொங்கக் கண்ட மைந்தனுக்கும் ஓர் ஓவியம் வேண்டாவோ? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் செல்லும் சிறுவன் கழுத்துப்பட்டியை ஒரு தண்டனையாகவே கருதுவான். அதே பட்டியில் அவனுடைய வீரர் குதிரைமேல் அமர்ந்திருந்தால், தாய் வற்புறுத்தாமலே எடுத்து மாட்டிக்கொள்வான். வணிகர் கண்ட நுட்பம் இதுவே.

இதிலுள்ள முரண்பாடு எனக்கு நகைப்பையும் தருகின்றது, சிந்தனையையும் தருகின்றது. உண்மையான மாட்டிடையன் கழுத்துப்பட்டி கட்டுபவனல்லன். அவன் கழுத்திற் கட்டியது ஒரு பருத்திக் குட்டை. மந்தைகள் கிளப்பும் புழுதியிலிருந்து மூக்கையும் வாயையும் மறைக்கவும், வியர்வை துடைக்கவும், வெயில் பிடரியைச் சுடாமற் காக்கவும் அது உதவிற்று. கழுத்துப்பட்டியோ கந்தோரிலே மேசைமுன் அமர்ந்திருப்போனின் சின்னம். உழைப்பாளியின் உருவத்தை எடுத்து, உழைக்காதோனின் துணியிலே பொறித்ததே இந்த விளையாட்டுப் பட்டி. இவ்விரண்டுக்கும் நடுவே மேற்றிசை மாநிலங்கள் தமக்கென ஒரு வழியையும் கண்டன. பின்னிய கயிறொன்றை ஒரு வளையத்தாற் சேர்த்துக் கழுத்திலணியும் 'போலோ' பட்டியே அது. அரிசோனாவைச் சேர்ந்த விக்ரர் சீடர்ஸ்ராவ் அதற்கு 1959இல் ஆக்கவுரிமை பெற்றார். 1971இல் அம்மாநிலம் அதனைத் தன் அதிகாரபூர்வமான கழுத்தணியாக ஏற்றுக்கொண்டது.

என் தந்தையாரின் சொல்லுக்கு இப்போது திரும்புகின்றேன். பிள்ளையின் கழுத்து விளம்பரப் பலகையன்று என்றார். பிள்ளையின் அன்பை விலைபேசும் வணிகம் நல்லதா? ஆசிரியனாக வாழ்ந்த நான் நல்லதென்று சொல்லமாட்டேன். பிள்ளை கேட்பது கழுத்துப்பட்டியையன்று. தான் போற்றும் வீரரின் அருகாமையை. வணிகர் அருகாமையைத் தர இயலாமல் துணியைத் தருகின்றனர். துணி கிழிந்ததும் பிள்ளை மீண்டும் கேட்கின்றது. 1955இல் டேவி குறொக்கெற் என்னும் காட்டுவீரரின் ரோமத் தொப்பிக்காக அமெரிக்கச் சிறுவர்கள் அலைந்ததையும், அடுத்த ஆண்டிலேயே அத்தொப்பிகள் மூலையில் ஒதுங்கியதையும் காணும்போது, தந்தையார் கண்டது பொய்யன்று என்றே தோன்றுகின்றது.

ஆயின் பொயிட்டை அந்த வணிகரோடு ஒருங்கே வைத்து எண்ணவும் என் மனம் ஒப்பவில்லை. சிறுவருக்குத் தீங்கானது, தகாதது என்று தாம் கருதிய பண்டங்களுக்குத் தம் பெயரைக் கொடுக்க மறுத்தார். தம்மைக் காணவரும் பிள்ளைகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கும் நிகழ்ச்சிகளுக்குச் செல்ல மறுத்தார். தம் பெயரால் அமைந்த சிறுவர் கழகத்தின் விதிகளில், வாய்மை, அன்பு, பெற்றோர் சொற்கேட்டல், விலங்குகளிடம் இரக்கம் ஆகியவற்றைச் சேர்த்தார். விளையாட்டுத் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் இசைந்தார் என்று என் ஆசிரியவுள்ளம் கேட்கின்றது. அதற்கு என்னால் விடை கூற இயலவில்லை. ஆயினும் ஒரே மகவை ஒன்பது மாதத்தில் இழந்த ஒருவர், இலட்சக்கணக்கான பிள்ளைகளைத் தம் நண்பர்களென்று அழைத்தபோது, அச்சொல்லில் வணிகம் மட்டுமே இருந்ததென்று நான் நம்பேன்.

முகம் மறைத்த முதுமை

பெயரை மீட்டவர் அதற்கு ஒரு விலையும் கொடுத்தார். டெமில் 1952இல் வெளியிட்ட சேர்க்கஸ் படமொன்றில் அவர் கசிடியாகவே சிறிது தோன்றினார். பின்னர் 'பத்துக் கட்டளைகள்' படத்தில் மோசேயாக நடிக்குமாறு டெமில் கேட்டதாகவும், மக்கள் தம்மைக் கசிடியாக அன்றி வேறொருவராக ஏற்கமாட்டார்கள் என்று அவர் மறுத்ததாகவும் கூறுவர். ஒரு நடிகனுக்கு இதனினும் பெரிய துறவு வேறென்ன உண்டு? பொய்யாகப் பொறிக்கப்பட்ட படத்தால் ஒருகாலத்திற் பாத்திரங்களை இழந்தவர், பின்னர் தாமே விரும்பி ஏற்ற படத்துக்காகப் பாத்திரங்களை விட்டுக்கொடுத்தார்.

1950களின் நடுப்பகுதியில் திரையிலிருந்து ஒதுங்கி, கலிபோர்ணியாவின் பாலைநிலத்தூரொன்றில் மனைவியாருடன் வாழ்ந்தார். முதுமையும் நோயும் அணுகியபின் எவரும் தம்மைப் படம்பிடிக்க அவர் இடங்கொடுக்கவில்லை. குதிரைமேற் கண்ட உருவே பிள்ளைகளின் நெஞ்சில் நிலைக்கவேண்டும். தளர்ந்த மேனியைக் கண்டு அவர்கள் ஏமாறலாகாது என்பதே அவர் எண்ணம். ஒரு தவறான நிழற்படம் தம் வாழ்வைக் குலைத்ததை அறிந்தவர், இறுதியில் உண்மையான நிழற்படத்துக்கும் அஞ்சினார் போலும்! 1972ஆம் ஆண்டு செப்ரெம்பர் 12ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். கிளென்டேல் நகரத்து மயானத்தில் அவர் உடல் துயில்கின்றது. கிறேஸ் அம்மையார் மேலும் முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து 2010இல் மறைந்தார். 1995இல் ஒக்லஹோமா நகரிலுள்ள கௌபோய் அருங்காட்சியகம், மேற்றிசைக் கலைஞர் வரிசையிற் பொயிட்டின் பெயரைச் சேர்த்தது. கசிடியின் பெயரையன்று, பொயிட்டின் பெயரை.

பொங்கல் நாளன்று வந்திருந்த என் மகளின் மகன், மேசைமேற் கிடந்த கழுத்துப்பட்டியைக் கண்டு எடுத்தான். அவனுக்கு வயது ஆறு. அணியலாமா என்று கேட்டான். என் தந்தையாரின் முகம் கண்முன் வந்தது. இலாஸ்ரிக் நாடா தன் இழுவையை இழந்து நூலாய்த் தொங்கியது. மகள் புதிய நாடா ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள். நான் தடுக்கவில்லை. எந்தக் கடையும் இன்று விற்காத பண்டத்துக்கு விளம்பரம் என்ன இருக்கிறது?

அணிந்தவன் கண்ணாடியிற் பார்த்துவிட்டு, குதிரைமேல் இருப்பவர் யார் என்று வினவினான். ஹொப்பலோங் கசிடி என்னும் பெயர் என் நாவின் நுனிவரை வந்தது. அதனை விழுங்கிக்கொண்டேன். அவனை அருகிலிருத்தி, அவர் பெயர் வில்லியம் பொயிட் என்று சொன்னேன். பிழையின்றி உச்சரிக்கும்வரை மும்முறை சொல்லவைத்தேன்.